பசங்களுக்கு மெயில் எழுதக் கத்துக்கொடுக்கறது எப்படி? அடிக்கடி கேக்கற கேள்விகள்

தொடக்கப்பள்ளி பசங்க ஃப்ரெண்டுக்கோ சொந்தக்காரங்களுக்கோ மெயில் எழுதப் பழகும்போது டீச்சர்களும் அப்பா அம்மாவும் திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகளை ஒரே இடத்துல சேத்திருக்கேன். லீவ் லெட்டர், விண்ணப்பம், புகார் இதெல்லாம் இதுல வராது, அது வேற பாடம்.

எந்த வகுப்புல ஆரம்பிக்கலாம்?

நாலஞ்சு வாக்கியம் தானா கோத்து எழுத வந்துட்டா ஆரம்பிச்சிடலாம், பொதுவா மூணாவது நாலாவதுல, அதாவது 8, 9 வயசுல அது வந்துடும். அதைவிடச் சின்னப் பசங்கன்னா அவங்க வாயால சொல்லட்டும், நீங்க டைப் பண்ணுங்க, தான் சொன்ன வார்த்தை ஸ்கிரீன்ல எழுத்தா வர்றதைப் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். அனுப்பினதுக்குப் பதிலும் வந்துடுச்சுன்னா அடுத்த மெயிலுக்கு அவங்களே வந்து கையைப் பிடிச்சு இழுப்பாங்க.

இப்பல்லாம் சாட், வாய்ஸ் மெசேஜ்தானே, மெயிலை ஏன் கத்துக்கொடுக்கணும்?

சாட்ல ஒரு வரி போட்டா அந்தப் பக்கத்துல இருந்து உடனே ஒரு வரி வரும், புரியலன்னா "என்னடா சொல்ற"ன்னு கேப்பாங்க, நாமளும் திருத்திச் சொல்லிக்கலாம். மெயில்ல அது நடக்காது, எதிர்ல ஆள் இல்லாமலே அவருக்கு எது தெரியும் எது தெரியாது, எதைச் சொன்னா சந்தோஷப்படுவார்னு யோசிச்சு முழுசா ஒரே தடவைல சொல்லணும். இந்த யோசனைதான் எழுத்துக்கே அடிப்படை, கட்டுரைக்கும் கதைக்கும் இதேதான் வேணும். மெயில்ல இது பசங்களுக்குச் சுலபமா பிடிபடுது, ஏன்னா படிக்கப் போறது யாருன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். "மழை"ன்னு தலைப்பு கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னா பென்சிலைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற பொண்ணு, "நேத்து மழையில நீ நனைஞ்சதைப் பத்தி உங்க அக்காவுக்கு எழுது"ன்னா கடகடன்னு எழுத ஆரம்பிச்சிடும்.

முதல் கிளாஸ்லயே ஃபார்மேட்டை போர்டுல எழுதிப் போட்டுடலாமா?

தயவு செஞ்சு வேண்டாம். ஃபார்மேட் பத்து நிமிஷத்துல சொல்லி முடிச்சிடற விஷயம், ஆனா அதை முதல்ல சொல்லிட்டா பசங்க மனசுல மெயில்னா கட்டம் நிரப்பற ஃபாரம்னு பதிஞ்சிடும், அப்புறம் அதை மாத்தறது பெரும்பாடு.

முதல் கிளாஸ்ல நீங்களே எழுதின ரெண்டு மெயிலைக் கொடுங்க, ஒண்ணு ஃப்ரெண்டுக்கு, இன்னொண்ணு அதே விஷயத்தைப் பத்தி பெரியப்பாவுக்கு. யார் யாருக்கு எழுதியிருக்காங்கன்னு பேரை மறைச்சுட்டுக் கேளுங்க, எந்த வார்த்தையை வச்சுக் கண்டுபிடிச்சீங்கன்னு அடிக்கோடு போடச் சொல்லுங்க. பசங்க இதுல ரொம்பக் கெட்டிக்காரங்க, "இதுல 'டேய்'னு இருக்கு, அதுல 'வாங்க'ன்னு இருக்கு"ன்னு அவங்களே சொல்லிடுவாங்க.

அடுத்த கிளாஸ்ல போர்டுல நீங்க ஒரு மெயில் எழுதுங்க, ஆனா ரெடியா வச்சிருக்கறதைப் பாத்து எழுதாதீங்க, அங்கயே யோசிச்சு எழுதுங்க. "இந்த இடத்துல மேட்ச் விஷயம் சொல்லலாமா, இல்ல முதல்ல அவன் கால் அடி எப்படி இருக்குன்னு கேக்கலாமா, சரி முதல்ல காலைப் பத்திக் கேக்கறேன்"னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுங்க, அழிங்க, மறுபடி எழுதுங்க. எழுதறவங்க மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு பசங்க பாக்கறதுக்கு வேற வழி கிடையாது. அப்புறம் வகுப்பு மொத்தமும் சேந்து ஒண்ணு, அதுக்கப்புறம் ரெண்டு ரெண்டு பேரா, கடைசியா தனியா.

சரி, ஃபார்மேட்ல என்னதான் சொல்லணும்?

யாருக்கு, சப்ஜெக்ட், கூப்பிடற வரி, விஷயம், முடிக்கற வரி, பேர். அவ்வளவுதான். கடிதம் எழுதிப் பழகின பசங்க மேல வலது பக்கம் முகவரியும் தேதியும் எழுதுவாங்க, மெயில்ல அது வேண்டாம்னு சொல்லுங்க, ஏன்னும் சேத்துச் சொல்லுங்க: தேதி நேரம் எல்லாம் தானா பதிவாகிடும், வீட்டு முகவரியை எழுதறது பாதுகாப்பும் கிடையாது.

மெயில் ஐடில வர்ற அந்தச் சுழிச்ச அட் குறியைப் பத்திக் கண்டிப்பா யாராவது கேப்பாங்க. 1971ல ரே டாம்லின்சன்ங்கற அமெரிக்க இன்ஜினியர் ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் வழியா மெயில் அனுப்ப வழி செஞ்சப்ப, ஆளோட பேரையும் அவர் இருக்கற கம்ப்யூட்டர் பேரையும் பிரிச்சுக் காட்ட ஒரு குறி வேணும்னு கீபோர்டுல தேடினார், யார் பேர்லயும் வராத குறியா இது இருந்ததால எடுத்துக்கிட்டார். இதைச் சொன்னீங்கன்னா குறிக்கு முன்னாடி ஆள், பின்னாடி இடம்னு பசங்க பிடிச்சுக்குவாங்க, ஐடில நடுவுல ஸ்பேஸ் விடக்கூடாது, ஒரு எழுத்து மாறினாலும் வேற ஆளுக்குப் போயிடும்னு அப்படியே சேத்துச் சொல்லிடலாம்.

அப்புறம் ஒரு பழக்கம்: விஷயத்தை முதல்ல எழுதிட்டு, படிச்சுப் பாத்துட்டு, மெயில் ஐடியைக் கடைசியா போடச் சொல்லுங்க. பாதி எழுதும்போதே கை பட்டு அனுப்பிடற ஆபத்து அதோட போச்சு. ஜிமெயில்ல அனுப்பினதைத் திரும்பப் பிடிக்க வழி இருக்கு, ஆனா செட்டிங்ல வச்சதைப் பொறுத்து 5ல இருந்து 30 செகண்டுதான், அதை நம்பி எழுதப் பழகக் கூடாது.

சப்ஜெக்ட் லைன்ல பசங்க "ஹாய்"னு போட்டுடறாங்களே?

அஞ்சு சப்ஜெக்ட் வரியை மட்டும் போர்டுல எழுதி, எந்த மெயிலை முதல்ல திறப்பீங்கன்னு கேளுங்க. "ஹாய்", "மின்னஞ்சல்", "நான்தான்" இதையெல்லாம் யாரும் தொட மாட்டாங்க, "பூனை குட்டி போட்டாச்சு"ங்கறதுக்கு வகுப்பே கை தூக்கும். இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

பேச்சுத் தமிழ்ல எழுத விடலாமா, எழுத்துத் தமிழ்தான் எழுதணுமா?

அதிகமா சண்டை வர்ற கேள்வி இதுதான். பரீட்சைக்கு எழுதும்போது பாடத்திட்டம் என்ன கேக்குதோ அதுபடிதான் போகணும், பெரும்பாலும் எழுத்துத் தமிழ்தான் கேப்பாங்க, அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா நிஜமாவே ஃப்ரெண்டுக்கு அனுப்பற மெயில்ல ஒரு எட்டு வயசுப் பையன் "நான் மிகவும் மகிழ்ச்சியடைந்தேன்"னு எழுதினா அதுல அவன் குரலே இருக்காது.

என் கருத்து என்னன்னா, முதல் டிராஃப்ட்டை எப்படிப் பேசுவாங்களோ அப்படியே எழுத விடுங்க. விஷயம் முழுசா வெளிய வந்ததுக்கு அப்புறம், தேவைப்பட்டா எளிமையான எழுத்துத் தமிழுக்கு மாத்தச் சொல்லுங்க, "போனேன், பாத்தேன்"ங்கறது "போனேன், பார்த்தேன்"னு ஆகறதுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல, "சென்றேன், கண்டேன்" வரைக்கும் போக வேண்டிய அவசியமும் இல்ல. யாராவது பேசினதைச் சொல்லும்போது மட்டும் மேற்கோள் குறிக்குள்ள பேச்சு வழக்கை அப்படியே வச்சுக்கலாம், மெயிலுக்கு உயிர் கொடுக்கறதே அந்த இடம்தான்.

பாத்துத் திருத்த வேண்டியது கலப்பைத்தான். "நான் நேற்று பூங்காவிற்குச் சென்றேன் சூப்பரா இருந்துச்சு"ன்னு ஒரே வரியில ரெண்டும் வந்தா படிக்கறவங்களுக்குத் தட்டும். அதைவிட முக்கியம் மரியாதை: "அத்தை, நீங்கள் எப்போது வருவாய்?"னு எழுதற பசங்க நிறைய. பேசும்போது "எப்ப வருவீங்க"ன்னு சரியாத்தான் சொல்லுவாங்க, எழுதும்போது மட்டும் தடுமாறும். இதுக்கு இலக்கணம் நடத்தறதைவிட, எழுதினதை அத்தையே முன்னாடி உக்காந்திருக்கற மாதிரி சத்தமா படிக்கச் சொல்லுங்க, "வருவாய்"ங்கற இடத்துல குழந்தையே நிறுத்திடும்.

"நலம், நலமறிய ஆவல்"னு ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், தப்பே இல்ல, ஆனா முப்பது பசங்களும் அதையே எழுதினா அது யாரையும் விசாரிக்கற வரியா இருக்காது. எழுதற ஆளைப் பத்தித் தெரிஞ்ச ஒண்ணை வச்சு விசாரிக்கச் சொல்லுங்க. "உன் பல் வலி போயிடுச்சா?", "தம்பி இன்னும் ராத்திரில அழறானா?" இந்த மாதிரி ஒரே ஒரு கேள்வி. முடிக்கும்போதும் அப்படித்தான், "இப்படிக்கு"ன்னு போட்டே தீரணும்னு இல்ல, "உன் பதிலுக்குக் காத்திருக்கேன்", "அன்புடன்", ரொம்ப நெருங்கின ஃப்ரெண்டுன்னா வெறும் "பை" போட்டுப் பேர் போட்டாலும் போதும்.

வந்த மெயிலுக்குப் பதில் எழுதச் சொன்னா பசங்க ஏதோ எழுதறாங்க, ஆனா ஒட்ட மாட்டேங்குது. ஏன்?

பாடத்தோட மையமே இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். பதில் எழுதறதுல பாதி வேலை படிக்கறது. பயிற்சிக்காக எழுதின ஒரு மெயில் இது, ஊர் மாறிப் போன ஃப்ரெண்ட் எழுதற மாதிரி:

"ஹாய் கவின், புது வீட்டுக்கு வந்துட்டோம். மாடியில எனக்குத் தனி ரூம். புது ஸ்கூல் பெருசா இருக்கு. லஞ்ச் டைம்ல நான் மட்டும் தனியா உக்காந்து சாப்பிடறேன். நம்ம டீம் ஃபைனல்ஸ்ல ஜெயிச்சுதா? உங்க வீட்டுப் பூனை குட்டி போட்டுடுச்சா? சீக்கிரம் எழுது. நிலா."

இதுக்குப் பெரும்பாலும் வர்ற பதில்:

"அன்புள்ள நிலா, நான் நலம். நீ நலமா? உன் மின்னஞ்சல் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. நம் அணி வென்றது. பூனை குட்டி போட்டது. நன்றி. இப்படிக்கு, கவின்."

ஃபார்மேட் சரி, எழுத்துப்பிழை இல்ல, கேட்ட ரெண்டு கேள்விக்கும் பதில் இருக்கு, முழு மார்க் கூடக் கிடைக்கலாம். ஆனா நிலா இதைப் படிச்சா எப்படி இருக்கும்? தனியா உக்காந்து சாப்பிடறேன்னு ஒரு குழந்தை எழுதியிருக்கு, அதுக்கு "மிக்க மகிழ்ச்சி"ன்னு பதில் வந்திருக்கு. அந்த வரிக்குக் கேள்விக்குறி இல்ல, அதனால கவின் கண்ணுல அது கேள்வியா படல. பதில் ரொம்பத் தேவைப்பட்ட வரியே அதுதான்.

அதனால வந்த மெயிலைப் படிக்கும்போது பசங்க கையில ரெண்டு கலர் பென்சில் கொடுங்க. கேள்விக்குறி இருக்கற வரிக்கு ஒரு கலர், கேக்காம கேக்கற வரிக்கு இன்னொரு கலர். ரெண்டாவது கலர் எங்க போடறதுன்னு வகுப்புல வாக்குவாதம் வரும், "மாடியில தனி ரூம்"ங்கறதும் கேக்கற வரிதான், அவ அதைக் காட்டணும்னு ஆசைப்படறான்னு ஒருத்தன் சொல்லுவான், இன்னொருத்தன் இல்லன்னுவான், அந்த வாக்குவாதத்தை அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க. அதுக்கப்புறம் அதே பசங்க எழுதினா இப்படி வரும்:

"ஹாய் நிலா, லஞ்ச் டைம்ல நீ தனியா சாப்பிடறேன்னு எழுதியிருந்தது படிச்சதும் எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. நான் இந்த ஸ்கூலுக்கு வந்தப்ப நீதானே முதல்ல வந்து 'ரப்பர் இருக்கா'ன்னு கேட்ட, அதே மாதிரி நீயும் யார்கிட்டயாவது போய்க் கேட்டுப் பாரு. ஃபைனல்ஸ் ஜெயிச்சுட்டோம்! கடைசி நிமிஷத்துல கோல். பூனை மூணு குட்டி போட்டுச்சு, ஒண்ணுக்கு மட்டும் வால்ல வெள்ளைப் புள்ளி இருக்கு, அதுக்கு நீதான் பேர் வைக்கணும். என்ன பேர் வைக்கலாம்? உன் ரூம் ஜன்னல்ல இருந்து என்ன தெரியும்? கவின்."

நீளம் கூடினது இங்க பெரிசில்ல. முதல் வரியில நிலா இருக்கா, கடைசி வரியில அவ திரும்ப எழுத ஒரு காரணம் இருக்கு, அதைப் பசங்ககிட்ட விரல் வச்சுக் காட்டுங்க.

ரெண்டு வரியோட நிறுத்திடற பசங்களை எப்படி எழுத வைக்கறது?

"இன்னும் எழுது"ன்னா எழுத மாட்டாங்க, "விடுமுறையில் கடற்கரை சென்றோம், விளையாடினோம், வீட்டுக்கு வந்தோம்"னு பட்டியல்தான் நீளும். அந்த மூணுல ஒண்ணை மட்டும் தொட்டு "என்ன விளையாடினீங்க, யார் முதல்ல விழுந்தா, நீ அப்ப என்ன சொன்ன?"ன்னு வாயால கேளுங்க. குழந்தை சொல்ல ஆரம்பிக்கும், "இதை எழுது, இப்ப சொன்னதை அப்படியே எழுது"ன்னு விட்டுடுங்க. நாள் முழுக்க நடந்ததைச் சொல்லாம ஒரே ஒரு சம்பவத்தைச் சொன்னாப் போதும்னு தெரிஞ்சதும் பல பசங்களுக்கு நிம்மதியாயிடுது.

எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் கம்மி, இல்லவே இல்லன்னா?

ஒரு பேப்பர்ல யாருக்கு, சப்ஜெக்ட்னு ரெண்டு கட்டம் போட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க, அதுலயே எழுதட்டும். ஒரு நிபந்தனை மட்டும் விட்டுடாதீங்க: எழுதின பேப்பர் டீச்சர் மேஜைல போய் அடுக்கக் கூடாது, யாருக்கு எழுதினாங்களோ அவங்க கைக்குப் போகணும். பக்கத்து செக்‌ஷன் பசங்களோட ஜோடி போட்டு விடுங்க, இன்னிக்கு எழுதினா நாளைக்குப் பதில். எல்லாருக்கும் பதில் வருதான்னு மட்டும் நீங்க பாத்துக்கணும், ஆப்சென்ட் ஆன பையனோட ஜோடிக்கு நீங்களே பதில் எழுதுங்க.

தமிழ்ல டைப் பண்ண பசங்க திணறுறாங்க, என்ன செய்யறது?

எழுத்தைத் தேடறதுலயே நேரம் போனா சொல்ல வந்தது மறந்துடும், அதனால ஆரம்பத்துல கையால டிராஃப்ட் எழுதிட்டு டைப் பண்ணட்டும். கீபோர்டுன்னு பாத்தா 1999ல தமிழ்நாடு அரசு அறிவிச்ச தமிழ்99 சின்னப் பசங்களுக்கு ஒத்துவரும், உயிரெழுத்து ஒரு பக்கம் மெய் ஒரு பக்கம்னு வகுப்புல படிக்கற முறைக்குப் பக்கத்துலயே இருக்கும். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுத் தமிழா மாத்தறது சீக்கிரம் வந்துடும், ஆனா ல, ள, ழ எது சரின்னு குழந்தை யோசிக்காது, பரிந்துரையில முதல்ல வர்றதைத் தொட்டுடும், "நாளைக்குப் பல்லிக்கு லீவு"ன்னு போயிடும். வாய்ஸ் டைப்பிங் எழுதவே தயங்கற குழந்தைக்கு நல்ல உதவி, ஆனா அது நிறுத்தற்குறி சரியா போடாது, அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சுத் திருத்தறதைக் கட்டாயமாக்குங்க.

எமோஜி போடலாமா?

ஃப்ரெண்டுக்குன்னா தாராளமா. ஆனா "ஜாலியா இருந்துச்சு"ன்னு எழுதி நாலு சிரிப்பு முகம் போட்டா, எது ஜாலின்னு கேளுங்க. அதை எழுதிட்டு அப்புறம் முகம் போடட்டும்.

மெயில் அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கணும்? பாதுகாப்பு?

குழந்தை வயசைக் கூட்டிப் போட்டு அக்கவுண்ட் திறக்காதீங்க. அமெரிக்காவுல 1998ல வந்த சட்டப்படி 13 வயசுக்குக் கீழ உள்ள பசங்களோட தகவலை ஆன்லைன்ல வாங்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும், ஐரோப்பிய யூனியன்ல அந்த வயசு 16, நாடுகள் விரும்பினா 13 வரை குறைச்சுக்கலாம். கூகுள்ல ஃபேமிலி லிங்க் வழியா பெத்தவங்க மேற்பார்வையில குழந்தைக்குத் தனி அக்கவுண்ட் திறக்கலாம். ஸ்கூல் அக்கவுண்ட்னா வெளி ஆட்கள்கிட்ட இருந்து மெயில் வராத மாதிரி நிர்வாகியே கட்டுப்படுத்தி வைக்க முடியும், ஸ்கூல்ல கேட்டு அப்படிச் செய்ய வைங்க. எதுவும் இல்லன்னா அம்மா அப்பா மெயில்ல இருந்து அவங்க பக்கத்துல இருக்கும்போது அனுப்பறதே நல்லது.

பசங்ககிட்ட பயமுறுத்தாம சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: பாஸ்வேர்ட் ஃப்ரெண்டுக்குக் கூடக் கிடையாது, வீட்டு முகவரி போன் நம்பர் எழுத வேண்டாம், மத்தவங்க போட்டோவை அவங்களைக் கேக்காம அனுப்ப வேண்டாம், தெரியாத ஆள் மெயில் வந்தா லிங்கைத் தொடாம பெரியவங்களைக் கூப்பிடணும். கூப்பிட்டா திட்டு விழாதுன்னும் சொல்லணும், அந்த நம்பிக்கை இல்லன்னா மத்த விதி எதுவும் வேலை செய்யாது. எல்லாருக்கும் பதில் அனுப்பற பட்டனைப் பத்தியும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, இல்லன்னா ஃப்ரெண்டுக்குச் சொன்ன ரகசியம் வகுப்பு முழுக்கப் போயிடும்.

ஏஐ கிட்ட கேட்டு எழுதிட்டு வந்தா?

மேல சொன்ன ரப்பர் கதையும் வால்ல வெள்ளைப் புள்ளியும் ஏஐக்குத் தெரியாது. எழுதறவனுக்கும் படிக்கறவளுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயமாவது மெயில்ல இருக்கணும்னு வச்சுடுங்க, குழந்தை தானா எழுத வேண்டி வரும். அப்படியும் வந்தா கோபப்படாம, "இதுல உன் அண்ணன் மட்டும் சிரிக்கற வரி எது?"ன்னு கேளுங்க.

எப்படித் திருத்தறது, மார்க் எப்படிப் போடறது?

சிவப்பு பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி படிக்கற ஆளா ஒரு வரி எழுதுங்க: "பூனைக்கு என்ன பேர் வச்சீங்கன்னு எனக்கே தெரியணும் போல இருக்கு." அப்புறம் திருத்தம். எல்லாப் பிழையையும் ஒரே நாள்ல வட்டம் போட்டா அடுத்த மெயில் ரெண்டு வரியாத்தான் வரும், ஏன்னா கம்மியா எழுதினா கம்மியா தப்பு வரும்னு பசங்க கணக்குப் போட்டுடுவாங்க. இந்த வாரம் மரியாதை விகுதி, அடுத்த வாரம் ந, ண, ன, அப்படி ஒண்ணு ஒண்ணா எடுத்துக்கோங்க. மார்க் போட்டே ஆகணும்னா விஷயத்துக்கும் படிக்கறவரை மனசுல வச்சு எழுதினதுக்கும் பெரும்பகுதி, எழுத்துப்பிழைக்குச் சின்னப் பகுதி, ஃபார்மேட்டுக்கு ஒண்ணு ரெண்டு போதும்.

வீட்டுல நாங்க என்ன உதவி செய்யலாம்?

பதில் எழுதற ஆளை ஏற்பாடு பண்ணிக் கொடுங்க. தாத்தா, சித்தி, வெளியூர்ல படிக்கற அண்ணன், யாரா இருந்தாலும் சரி, "நல்லா எழுதியிருக்க கண்ணு"ன்னு ஒத்தை வரி அனுப்பக் கூடாது, குழந்தை எழுதின ஒண்ணைப் பிடிச்சு மேல ஒரு கேள்வி கேக்கணும்னு முன்னாடியே சொல்லி வைங்க. குழந்தை எழுதினதை நீங்க திருத்தி அழகாக்கி அனுப்பாதீங்க, எழுத்துப்பிழையோட போனாலும் பரவாயில்ல, சித்திக்குப் புரியும். பதில் வர ரெண்டு மூணு நாள் ஆகும்னு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா ராத்திரி தூங்கற வரைக்கும் "மெயில் வந்துச்சா"ன்னு உங்க போனைத்தான் பிடுங்கிக்கிட்டு இருப்பாங்க.